பையன்களின் துப்பாக்கி, ரிவால்வரின் தோட்டா

1911-இல் ஆஸ்திரேலியாவில் பையன்களுக்குக் கட்டாய ராணுவப் பயிற்சி தொடங்கியது. படைவீரர்களின் .303 ரைஃபிள் பையன்களின் தோளுக்கு அதிகம். ஆகவே இங்கிலாந்தில் பி.எஸ்.ஏ., டபிள்யூ. டபிள்யூ. கிரீனர் ஆகிய நிறுவனங்கள் செய்த சிறிய மார்ட்டினி ரைஃபிள்கள் கப்பலேறி வந்தன. ஒரு முறைக்கு ஒரே தோட்டா. இரும்பு உடலின் பக்கவாட்டில் சின்னதாக ஒரு கங்காரு முத்திரை. அதில் போட்ட தோட்டா, கிரீனர் 1900-இல் கொண்டுவந்த .310 கேடட்: 120 கிரெயின் ஈயக் குண்டு, விநாடிக்கு ஏறத்தாழ 1,200 அடி வேகம். பழகுபவனைப் பயமுறுத்தாத அளவு.

1929-இல் கட்டாயப் பயிற்சி நின்றது. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு இந்த ரைஃபிள்கள் உபரிச் சரக்காக மலிவு விலைக்குப் போயின. அமெரிக்காவுக்கும் ஏராளமாக ஏற்றுமதியாயின. துப்பாக்கி மலிவாகக் கிடைத்தது, தோட்டாதான் அரிதாகிவிட்டது. அப்போது பட்டறைக்காரர்கள் கண்டுகொண்ட வழிகளில் ஒன்று, பழைய குழலைக் கழற்றிவிட்டு .357 மேக்னம் என்ற ரிவால்வர் தோட்டாவுக்கான குழலைப் பொருத்துவது. அப்படி மாறிய ரைஃபிள்கள் இன்றும் சுடுகளங்களில் புழங்குகின்றன. பழைய பொருளை இப்படி மாற்றியது சரியா, மாற்றியதை வைத்துச் சுடுவது புத்திசாலித்தனமா என்ற வாதமும் ஓயவில்லை.

மாற்றியவர்கள் பக்கம் நியாயம் இருக்கிறது. ரைஃபிளும் ரிவால்வரும் ஒரே தோட்டாவைப் பங்கிட்டுக்கொள்வது புதிதல்ல. 1873-இல் வின்செஸ்டர் ரைஃபிளுக்காக வந்த .44-40 தோட்டாவை, சில ஆண்டுகளிலேயே கோல்ட் ரிவால்வரிலும் போட்டார்கள். 1935-இல் பிறந்த .357 மேக்னமோ இந்தச் சின்ன மார்ட்டினிக்கு அளவெடுத்துத் தைத்தது போல அமைகிறது. நீளத்தில் பழைய .310-ஐவிடச் சற்றுக் குட்டை என்பதால் துப்பாக்கியின் குறுகிய பின்வாய்க்குள் தடையின்றி இறங்கும். அடியில் புடைத்த விளிம்பு இருப்பதால், காலி உறையை இழுக்கும் கொக்கிக்குப் பிடி கிடைக்கும். விசைக்குப் பின்னால் இருக்கும் நெம்புகோலைக் கீழே தள்ளினால் அடைப்புக் கட்டையின் முன்முனை தாழ்கிறது. கட்டையின் முதுகில் உள்ள பள்ளத்தில் தோட்டாவை வைத்துக் கட்டைவிரலால் தள்ளினால் வழுக்கி உள்ளே போகிறது. நெம்புகோலை மேலே இழுத்தால் வாய் மூடி, துப்பாக்கி சுடத் தயாராகிறது. நிதானமாகச் சுடப் பழக இதைவிட நல்ல ஆசான் கிடைப்பது அரிது.

ஆற்றலிலும் ஆதாயம் உண்டு. ரிவால்வரில் உருளைக்கும் குழலுக்கும் நடுவே உள்ள இடுக்கில் வாயு கசியும். மூடிய வாயுள்ள ரைஃபிளில் அந்த இழப்பு இல்லை, குழலும் நீளம். நாலு அங்குலக் குழல் ரிவால்வரில் 1,200 அடிச் சொச்சம் வேகத்தில் போகும் 158 கிரெயின் குண்டு, ரைஃபிள் குழலிலிருந்து 1,800 அடியை எட்டக்கூடும். அதே தோட்டா அறையில் மென்மையான .38 ஸ்பெஷலையும் போடலாம். ஒரே துப்பாக்கியில் இரண்டு குணம்.

சட்டமும் இந்தக் கூட்டணிக்கு மறைமுகமாக உதவியது. பிரிட்டனில் 1997-இல் கைத்துப்பாக்கிகள் ஏறக்குறைய முழுவதுமாகத் தடை செய்யப்பட்டபோது, அந்தத் தோட்டாக்களுக்குப் பழகியவர்கள் அவற்றைச் சுடும் ரைஃபிள்களுக்கு மாறினார்கள். 1996-க்குப் பிந்தைய ஆஸ்திரேலியச் சட்டத்தில் ரிவால்வருக்குத் தனிவகை, மிகக் கடுமையான உரிமம். அதே தோட்டாவைச் சுடும் ஒற்றைத் தோட்டா ரைஃபிளோ அதைவிட எளிதான வகையில் வருகிறது.

இனி மறுபக்கம். முதல் குறை, மாற்றியவரின் கைத்தரம். தோட்டாவை அடித்து வெடிக்கச் செய்யும் பழைய ஊசி தடிமனானது, அது வெளியே நீளும் துளையும் பெரியது. .310-இன் மிதமான அழுத்தத்துக்கு அது போதும். .357 மேக்னமின் உச்ச அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 35,000 பவுண்டு; அந்த அழுத்தத்தில் தோட்டாவின் அடியில் உள்ள கேப்பின் உலோகம் பெரிய துளைக்குள் பிதுங்கும். விவரம் தெரிந்தவர் துளையை அடைத்து, சிறியதாகத் துளைத்து, மெல்லிய ஊசி பொருத்துவார். அவசரக்காரர் குழலை மட்டும் மாற்றிக் கையில் கொடுத்துவிடுவார். சுட்ட உறையின் அடிப்பாகத்தைப் பார்த்தாலே வித்தியாசம் தெரியும்: கேப்பின் நடுவே மழமழவென்ற குழி இருந்தால் நல்லது, குழியைச் சுற்றி எரிமலை வாய் போல ஒரு வளையம் எழும்பியிருந்தால் அன்றைக்குச் சுட்டது போதும்.

இரண்டாவது, முத்திரை சொல்லாத உண்மை. உடலில் உள்ள பர்மிங்காம் பரிசோதனை முத்திரை பழைய தோட்டாவுக்கு அளித்த சான்று. புதிய தோட்டாவைப் பற்றி அது எதுவும் சொல்வதில்லை. மாற்றிய துப்பாக்கியை விற்பதற்கு முன் மீண்டும் பரிசோதனை நிலையத்துக்கு அனுப்புவது பிரிட்டனில் கட்டாயம். அமெரிக்காவில் அப்படியொரு கட்டாயமே கிடையாது. எனவே கைமாறி வந்ததை வாங்குபவர், அனுபவமுள்ள பட்டறைக்காரரிடம் காட்டி அறையின் அளவையும் குழலின் விட்டத்தையும் அளந்து பார்க்காமல் முதல் தோட்டாவைப் போடக்கூடாது. குழலை விட்டுவிட்டு அறையை மட்டும் .32-20 தோட்டாவுக்கு வெட்டிய ரைஃபிள்களின் கதை இதற்குப் பாடம். அந்தக் குண்டு, கேடட் குழலைவிட மெலிந்தது. வெடிக்கும், ஆனால் குழலின் சுழல்வரிகளைச் சரியாகப் பற்றாது, குறி தப்பும்.

மூன்றாவது, இரண்டு குணத்துக்கான விலை. குட்டையான .38-ஐத் தொடர்ந்து சுட்டால் அறையின் முன்பகுதியில் கரியும் ஈயமும் வளையமாகப் படியும். சுத்தம் செய்யாமல் .357-ஐத் திணித்தால் உறையின் வாய் அந்த வளையத்தில் இறுகி அழுத்தம் ஏறும். நல்லவேளையாக, ஒரு முளையை நீக்கினால் இந்த ரைஃபிளின் உள்பொறி முழுவதும் ஒரே துண்டாகக் கையோடு வந்துவிடும், பின்வாயிலிருந்தே துலக்கலாம். சோம்பலுக்குச் சாக்கு இல்லை.

நான்காவது குறை, திரும்பப் பெற முடியாத இழப்பு. குழலோடு பழைய குறிபார்வையும் போய்விடுகிறது. சேகரிப்பாளர் தேடுவது முழுமையை. 1950-களில் மலிந்து கிடந்த சரக்கை மாற்றியவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அவர் கையில் இருந்தது தோட்டா இல்லாத துப்பாக்கி. இன்றைக்குக் கலையாமல் தப்பிய ஒன்றை வாங்கி அறுப்பவருக்கு அந்தச் சமாதானம் பொருந்தாது. .310-க்கான பித்தளை உறையை .32-20 உறையிலிருந்து வெட்டிச் சீராக்கிக்கொள்ளும் கைவேலை இன்று பலருக்கும் தெரிந்ததுதான்.

அப்படியானால் ஏற்கெனவே மாறிவிட்டவற்றை என்ன செய்வது? சுடலாம், சுடத்தான் வேண்டும். எதைப் போட்டு என்பதில்தான் விவேகம். நல்ல பி.எஸ்.ஏ. உடல், ஒழுங்காகச் செய்த ஊசி, சரியான குழல் மூன்றும் இருந்தால் மேக்னமைத் தாங்கும் என்பதை மறுப்பதற்கில்லை. தாங்குகிறதா என்ற கேள்வியோடு பலர் நின்றுவிடுகிறார்கள்; பொருந்துகிறதா என்று கேட்பதில்லை. .38 உறையில் ஈயக் குண்டும் மிதமான வெடிமருந்தும் போட்டுச் சுட்டால் வேகம் ஆயிரம் அடிக்கு அக்கம்பக்கம் நிற்கும், சத்தம் அடங்கும், தோள் நோகாது. தோட்டாவின் பெயரை மறந்துவிட்டு அந்த எண்ணை மட்டும் பார்த்தால், கிரீனர் 1900-இல் பையன்களுக்கு வகுத்த அளவுக்குப் பக்கத்தில் நாம் திரும்பி வந்திருப்பது தெரியும். மாற்றத்தின் மிகச் சிறந்த பயன், பழைய குணத்தை மறுபடி எட்டுவதற்கு ஒரு சுலபமான தோட்டாவைக் கொடுத்ததே. அதற்குமேல் அள்ளிப் போடும் மருந்தெல்லாம் சுடுபவரின் ஆசைக்கு.