ஒரே வண்ணத்தில் மலையும் சமவெளியும்

மழைக்காலம் வந்துவிட்டால் செய்தித்தாள்களில் ஒரு படத்தைக் காண்கிறோம். டெங்குக் காய்ச்சல் மிகுந்த மாவட்டங்களுக்குச் சிவப்பு, குறைந்தவற்றுக்கு மஞ்சள், பதிவே இல்லாதவற்றுக்கு வெள்ளை. பார்த்தவுடன் புரிந்துவிடுகிறது, அது அந்தப் படத்தின் சிறப்பு. தவறாகவும் புரிந்துவிடுகிறது, அதுதான் அதன் குறை.

எங்கள் திண்டுக்கல் மாவட்டத்தையே எடுத்துக்கொள்வோம். திண்டுக்கல் நகரம் கடல் மட்டத்துக்கு மேல் 300 மீட்டருக்கும் குறைந்த உயரத்தில் உள்ளது. அதே மாவட்டத்துக் கொடைக்கானலின் உயரம் சுமார் 2,100 மீட்டர். ஒரு கிலோமீட்டர் ஏறினால் வெப்பநிலை சராசரியாக 6.5 டிகிரி செல்சியஸ் குறையும் என்று படித்திருப்பீர்கள். கணக்கிட்டுப் பாருங்கள்: ஏறத்தாழ 12 டிகிரி வேறுபாடு! நோயாளியின் இரத்தத்தைக் குடித்த ஏடிஸ் கொசுவின் உடலில் டெங்கு வைரஸ் பெருகி, பிறருக்குப் பரவும் நிலையை அடைய 30 டிகிரியில் சராசரியாக ஆறேழு நாட்கள் போதும். 25 டிகிரியில் சுமார் 15 நாட்கள் ஆகும். அதற்குள் பல கொசுக்கள் மடிந்துவிடும். ஆகவே மலையும் சமவெளியும் கொசுவுக்கு இரு வேறு உலகங்கள். படத்திலோ இரண்டுக்கும் ஒரே வண்ணம்.

மாவட்ட எல்லையும் நிலையானதன்று. 2012-இல் டெங்கு கடுமையாகத் தாக்கிய ஊர்களுள் ஒன்று கடையநல்லூர். அன்று அது திருநெல்வேலி மாவட்டம். 2019 முதல் தென்காசி மாவட்டம். பழைய படத்தையும் புதிய படத்தையும் அருகருகே வைத்துப் பார்ப்பவர், நோய் இடம் மாறிவிட்டது என்று ஏமாறக்கூடும். மாறியது கோடுதான், கொசு அன்று.

எண்களையும் ஐயத்துடன் பார்க்க வேண்டும். இந்தியாவில் பதிவான டெங்கு நோயாளிகள் 2012-இல் 50,222 பேர். 2017-இல் 1,88,401 பேர். நோய் பரவியது உண்மையே. ஆனால் இரத்தப் பரிசோதனை வசதி பெருகியதும் இந்த உயர்வுக்கு ஒரு காரணம். பரிசோதனை இல்லாத ஊரில் டெங்குவும் வெறும் 'காய்ச்சல்' என்றே போய்விடும். ஆகவே வெள்ளை வண்ணம் 'நோய் இல்லை' என்றும் பொருள்படலாம், 'பார்க்கவில்லை' என்றும் பொருள்படலாம்.

மழை மிகுந்த இடமே டெங்கு மிகுந்த இடம் என்ற எண்ணமும் முழு உண்மையன்று. எங்கள் சமவெளி வறண்டது. குழாயில் தண்ணீர் நாள் கணக்கில் வராதபோது வீடுதோறும் டிரம், சிமெண்டுத் தொட்டி, குடம் என்று நிரப்பி வைக்கிறோம். ஏடிஸ் கொசுவுக்கு வேண்டியது அதுவே. நீர்மட்டத்தை ஒட்டிய சுவரில் அது இடும் முட்டைகள் மாதக்கணக்கில் காய்ந்து கிடந்தாலும், மீண்டும் தண்ணீர் பட்டதும் பொரிக்கும். வறட்சியும் டெங்குவை வளர்க்கும் என்பதை எந்த மழைப் படமும் காட்டாது.

அப்படியானால் இப்படங்கள் பயனற்றவையா? இல்லை. எந்த மாவட்டத்துக்கு எவ்வளவு மருந்தும் படுக்கையும் வேண்டும் என்று திட்டமிட அவை உதவும். ஆனால் ஏடிஸ் கொசு பெரும்பாலும் சில நூறு மீட்டருக்கு மேல் பறப்பதில்லை. அதன் உலகம் ஒரு தெரு. மாவட்டப் படத்தில் வெள்ளையைக் கண்டு ஒரு தெரு அலட்சியமாக இருந்தால், விலை கொடுப்பவர்கள் அத்தெருவின் குழந்தைகள்.

மாணவ நண்பர்களே! உங்கள் தெருவின் படத்தை நீங்களே வரையுங்கள். எந்த வீட்டுத் தொட்டியில் புழு நெளிகிறதோ அங்கே ஒரு புள்ளி வையுங்கள். வாரம் ஒருமுறை தொட்டிகளைத் தேய்த்துக் கழுவச் செய்து, மறுபடி எண்ணுங்கள். செய்தித்தாள் படத்தைவிட அந்தப் படமே உங்களுக்குப் பயன்படும்.