ஈவ் ஆன்லைன்: ஒரு புதியவனின் பிரவேசம்

ஐஸ்லாந்தைச் சேர்ந்த சிசிபி நிறுவனத்தார் உருவாக்கி, 2003 மே மாதத்தில் வெளிவந்த ‘ஈவ் ஆன்லைன்’ என்னும் விண்வெளி விளையாட்டில், ஆரம்பப் பாடங்களை முடித்துக்கொண்டு, இன்னது செய் என்று ஏவுவாரின்றி எண்ணற்ற நட்சத்திர மண்டலங்களின் நடுவே தனித்து நிற்கும் புதியவனுக்கு முதலில் உண்டாவது திகைப்பே.

ஆனால், ‘வெஞ்சர்’ என்ற சிறு கப்பலைச் செலுத்திச் சென்று, விண்கல்லின் மீது லேசர் கதிரைப் பாய்ச்சி, ‘வெல்ட்ஸ்பார்’ என்னும் மலிவான தாதுவைச் சிறிது சிறிதாகச் சேகரித்து, நிலையத்தில் சுத்திகரித்தால் கிடைக்கும் ‘ட்ரிட்டானியம்’, ஜிட்டா என்னும் மண்டலத்தின் சந்தையில் முன்பின் அறியாத ஒருவரிடம் விலைபோய், நாளை வேறொருவருடைய போர்க்கப்பலின் அங்கமாகிறது என்பதை உணர்ந்த மாத்திரத்தில், சலிப்பூட்டும் அந்தக் காரியத்துக்கு ஒரு கௌரவம் வந்துவிடுகிறது. அந்தச் சந்தையின் விலைகளை வாங்குவோரும் விற்போருமே நிர்ணயிக்கிறார்கள். எனக்கு யுத்தத்தைவிட அதுவே பெரிய ரசம்.

அழிந்த கப்பல் இந்த விளையாட்டில் மீள்வதில்லை. 2014 ஜனவரியில், பி-ஆர்5ஆர்பி என்னும் மண்டலத்தின் உரிமைக் கட்டணம் செலுத்தப்படாமற்போக, அதன் காரணமாக மூண்டு சுமார் 21 மணி நேரம் நீடித்த யுத்தத்தில் நாசமான 75 டைட்டன்களும், ஆட்டக்காரர்கள் இப்படித் தாது சேர்த்து, வாரக்கணக்கில் பாடுபட்டுக் கட்டிய பெருங்கப்பல்களே.

பொறுமையுள்ள வாசகர்கள் இதை அவசியம் ஆடிப் பார்க்க வேண்டும். 2016 முதல் கட்டணமின்றியே தொடங்கலாம். தனியாக அலையாமல், ஆரம்பத்திலேயே ஒரு நல்ல குழுவில் சேர்ந்துகொள்ளுங்கள்.