பெட்டி லவெட்: கனிதல் என்ற பொய்

பெட்டி லவெட்டைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் ஒரே கதையைத்தான் எழுதுகிறார்கள். புறக்கணிக்கப்பட்ட குரல், நாற்பது வருஷக் காத்திருப்பு, பிறகு அங்கீகாரம். துன்பம் கலையைக் கனிய வைக்கிறது என்ற நீதி கடைசியில் தவறாமல் வந்துவிடும். இந்த நீதிக்கு எதிராக அவரது இசைத்தட்டுகளே சாட்சி சொல்கின்றன.

1946ல் மிச்சிகனில் பிறந்து டெட்ராய்ட்டில் வளர்ந்தவர். 1962ல், பதினாறு வயதில், அட்லாண்டிக் மூலம் வெளிவந்த முதல் பாட்டே கறுப்பர் இசைப் பட்டியலில் முதல் பத்துக்குள் இடம் பெற்றது. 1972ல் அலபாமாவின் மஸில் ஷோல்ஸில் ஒரு முழு இசைத்தட்டைப் பாடி முடித்தார். கம்பெனி அதை வெளியிடவில்லை. அவரது முதல் முழு இசைத்தட்டு மோடவுன் வழியாக வந்தது 1982ல். கிடப்பில் போடப்பட்ட ஒலிநாடா 2000த்தில்தான், அதுவும் பிரான்ஸில், வெளிச்சம் கண்டது.

அதை இன்று கேட்கிறபோது ஒன்று தெளிவாகிறது. அந்தக் குரல் 1972லேயே முழுமை பெற்றுவிட்டது. காத்திருப்பு அதற்கு எதையும் சேர்க்கவில்லை. அச்சேறாத கையெழுத்துப் பிரதி பெட்டிக்குள் கிடந்து மேன்மை அடைவதில்லை.

2005ல் வந்த 'ஐ'வ் காட் மை ஓன் ஹெல் டு ரெய்ஸ்' வேறு விஷயம். எல்லாம் பெண்கள் எழுதிய பாடல்கள். ஷினெய்ட் ஓ'கானரின் பாட்டை வாத்தியமே இல்லாமல் பாடித் தொடங்குகிறார். குரல் தேய்ந்திருக்கிறது, சொல்லுக்கும் சொல்லுக்கும் இடையிலான மௌனமும் பாட்டாகிறது. இதைத் துன்பத்தின் கொடை என்பது சோம்பேறித்தனம். இடைப்பட்ட வருஷங்களில் அவர் சிறு விடுதிகளில் பாடினார், இசை நாடகத்தில் நடித்தார். கற்றுக் கொடுத்தது உழைப்பு. துன்பம் வெறும் செலவு.

பெரும்பாலும் பிறர் பாடல்களையே பாடுகிறவர் என்பதை ஒரு குறையாகச் சொல்வார்கள். உண்மையில் அவர் பாடுவது ஒருவகை விமர்சனம். 2008ல் கென்னடி மைய விழாவில் 'த ஹூ' குழுவின் பாட்டொன்றைப் பாடினார். மூலத்தில் வெளியே வெடிக்கும் கூக்குரல் இவரிடம் உள்ளே திரும்பிவிடுகிறது. 2018ல் பாப் டிலனின் பாடல்களை எடுத்துக்கொண்டபோது சொற்களையே மாற்றினார். எழுதியவர் மறைத்த இடத்தைப் பாடகி திறந்து காட்டுகிறார். ஆனால் இதே முறை சில இடங்களில் பழக்கமாக இறுகிவிடுகிறது என்பதையும் சொல்லவேண்டும். எல்லாப் பாட்டும் தயங்கி, உடைந்து நடந்தால் உடைவுக்கு அர்த்தம் குறைகிறது.

2007ல் மீண்டும் மஸில் ஷோல்ஸ் சென்று ஒரு இசைத்தட்டுப் பதிவு செய்தார். 'குற்றம் நடந்த இடம்' என்று பொருள்படும் பெயர் வைத்தார். புறக்கணிப்பைப் பயிற்சிக் காலமாக்கிப் புகழும் விமர்சனங்களைவிட அந்தத் தலைப்பு நேர்மையானது. குற்றத்தைக் குற்றம் என்றே அது சொல்கிறது.