அறியப்படாத மலர்: யப்பானிய மொழிக் கல்வியும் கோடைப் பயண வாசிப்பும்

1

பல்கலைக்கழகத்திலே யப்பானிய மொழியைப் பயிலும் பிறநாட்டு மாணவனொருவன், இரண்டு மூன்று ஆண்டுக் கல்வியின் பின்னர் கோடை விடுமுறையில் அந்நாட்டிற்குப் பயணஞ்செய்வது இன்று வழமையாகிவிட்டது. வகுப்பறையிற் கற்பது ஏடு என்றும், கோடையிற் காண்பது வாழ்க்கை என்றும், பின்னது முன்னதை நிறைவுசெய்யும் என்றும் இப்பயணத்துக்கு விளக்கம் கூறப்படுவதுண்டு. மேலோட்டமாக நோக்குமிடத்து இக்கூற்றிற் குறைகாண்பது அரிது. ஆயின், பயணி கண்ணாற் காண்பதற்கு முன்னரே ஏட்டினாற் கண்டுவிடுகிறான் என்பது மனங்கொளத்தக்கது. எவ்வூரில் இறங்குவது, எக்குன்றை நின்று நோக்குவது, எவ்வயலைப் பாராது கடந்துசெல்வது என்பனவற்றைப் பாடநூற் பட்டியலே பெருமளவுக்குத் தீர்மானிக்கிறது. அப்பட்டியலை ஆக்கியோர் யாவர், எத்தேவை கருதி ஆக்கினர் என்ற வினா இலக்கிய வினாவாக மட்டும் அமைந்துவிடுவதில்லை. அது சமூகவியல் வினாவுமாகும்.

இவ்வினாவை ஓர் இடத்தை மையமாகக் கொண்டு ஆராய முனைகின்றோம். யப்பானின் வடகிழக்கே, புக்குஷிமா மாகாணத்தில், கொரியாமா நகரைச் சூழ்ந்து கிடக்கும் அசாக்கா என்னும் பிரதேசமே அவ்விடம். 1689, 1916, 1945 ஆகிய மூன்று ஆண்டுகளின் கோடைகள் இப்பிரதேசத்தோடு தொடர்புடைய மூன்று எழுத்துக்களிலே பதிவாகியுள்ளன. அவற்றுள் ஒன்றை மொழிமாணவர் ஏறத்தாழ எல்லோரும் அறிவர். ஏனைய இரண்டையும் அறிந்தோர் மிகச் சிலரே.

2

முதலாவது எழுத்து, பாஷோவின் 'ஒக்குவின் ஒடுங்கிய பாதை'. 1689ஆம் ஆண்டு தம் மாணவர் ஸோராவுடன் எடோ நகரிலிருந்து புறப்பட்ட பாஷோ, ஏறத்தாழ ஐந்து மாதங்களில் 2400 கிலோமீற்றர் வரையிலான வழியைக் கடந்தார். பயணத்தின் பின் பல ஆண்டுகள் திருத்தித் திருத்தி எழுதப்பட்ட இந்நூல், 1694இல் அவர் மறைந்த பின்னர் 1702இலேயே அச்சேறிற்று. ஸோரா எழுதிவைத்த நாட்குறிப்பு 1943இல் நூலுருப் பெற்றபோது, பாஷோ நிகழ்ந்தவற்றை உள்ளவாறே எழுதவில்லை என்பதும், சிலவற்றை மாற்றியும் சிலவற்றைப் புனைந்தும் கோத்துள்ளார் என்பதும் தெளிவாயின. எனவே இந்நூலில் இடம்பெறும் ஒவ்வொரு காட்சியும் தெரிந்தெடுத்து வைக்கப்பட்டதெனக் கொள்ளுதல் பொருந்தும்.

யப்பானியக் கவிதை மரபிலே 'உத்தமக்குரா' எனப்படும் இடப்பெயர்கள் உண்டு. பழம்பாடல்களில் மீண்டும் மீண்டும் ஆளப்பட்டு, குறித்த உணர்வு ஒன்றினையும் குறித்த கருப்பொருள் ஒன்றினையும் தம்மோடு நிலையாகப் பிணைத்துக்கொண்ட இடங்கள் அவை. நமது அகத்திணை மரபிலே நெய்தல் என்றதும் இரங்கல் நினைவுக்கு வருவதுபோல, அவர்களது மரபிலே அசாக்கா என்றதும் 'கத்சுமி' என்னும் மலர் நினைவுக்கு வரும். பத்தாம் நூற்றாண்டின் தொடக்கத்திலே அரசவைக்கெனத் தொகுக்கப்பட்ட 'கொக்கின்ஷூ' தொகைநூலிலேயே இப்பிணைப்பைக் காணலாம். இத்தகைய இடங்களை நேரிற் காண்பது பாஷோவின் பயண நோக்கங்களுள் ஒன்றாகும்.

ஹிவாடா என்னும் தங்கலூரைக் கடந்து அசாக்காவை அடைந்த பாஷோ, அங்குள்ளோரை நோக்கிக் கத்சுமி எந்தச் செடி என வினவுகிறார். அறிந்தவர் ஒருவருமிலர். சதுப்பு நிலங்களிற் பெயரைச் சொல்லிச் சொல்லித் தேடியலைகிறார். மலைவிளிம்பிற் பொழுது சாய்ந்துவிடுகிறது. பின்னர் வழிதொடர்கிறார். நூலில் இப்பகுதி சில வரிகளே. உரையாசிரியர்கள் பலர் இதனைக் கவிஞரின் மரபுப் பற்றுக்கு எடுத்துக்காட்டாகக் கொள்வர். அவர் ஏன் தேடினார் என்பதையே அவர்கள் நோக்குகின்றனர். ஊரவர் ஏன் அறிந்திலர் என்பதையும் நாம் நோக்குதல் வேண்டும்.

அசாக்காவின் கத்சுமி அசாக்கா மக்களின் மலரன்று. தலைநகரிலே, அரசவையைச் சார்ந்து வாழ்ந்தோர், தாம் பெரும்பாலும் கண்டிராத தொலைநிலமொன்றின்மீது சூட்டிய மலர் அது. அந்நிலத்திலே நாற்று நட்டும் வரிசெலுத்தியும் வாழ்ந்த குடியானவருக்கு அப்பாடல்களோடு எவ்வித உறவும் இருந்திருக்க நியாயமில்லை. மையம் பெயரிட்டது, விளிம்பு அப்பெயரை அறியாமலே உழைத்தது. பாஷோ இம்முரண்பாட்டை விளக்கவில்லை. விளக்கும் வரலாற்றுச் சூழலும் அவருக்கு வாய்க்கவில்லை. ஆயினும் அதனை மறைக்காது விட்டார். கண்டேன் என்று எழுத வல்லவர், கண்டிலேன் என்று எழுதினார். நாட்குறிப்போடு முரணும் அளவுக்குப் புனையத் தயங்காத கலைஞர் இவ்விடத்திலே தோல்வியையே தெரிந்தெடுத்தமை அவரது நேர்மைக்குச் சான்றாகும்.

இவ்விடத்தில் பயணத்தின் பொருளாதார அடிப்படையையும் குறிப்பிடுதல் தகும். பாஷோ தனியராய் அலைந்த துறவியல்லர். வழிநெடுக ஹைக்கை கவிதையில் ஈடுபாடுகொண்ட வணிகரும் ஊர்த்தலைவரும் அவருக்கு இடமளித்தனர். ஒபனஸாவாவில் அவரைப் பத்து நாட்கள் வரை உபசரித்த செய்ஃபூ, குசும்பாப்பூ வணிகத்தாற் செல்வம் ஈட்டியவர். நிலமானிய அமைப்பினுள்ளே வளர்ந்துகொண்டிருந்த வணிக மூலதனமே ஒடுங்கிய பாதையை நடக்கக்கூடிய பாதையாக்கிற்று.

3

பாஷோவின் பாதை பிறநாட்டு மாணவரின் பாதையாக மாறிய வரலாறு இருபதாம் நூற்றாண்டுக்குரியது. அவ்வரலாற்றிலே டொனால்ட் கீன் தலையாய இடம்பெறுபவர். 1941ஆம் ஆண்டுக் கோடையில் வட கரோலினா மலைப்பகுதியொன்றிலே நண்பர் சிலருடன் தனியாசிரியரிடம் யப்பானிய மொழியைத் தொடங்கியவர் அவர். பின்னர் கொலம்பியாப் பல்கலைக்கழகத்தில் த்சுனோடா ரியுசாக்குவிடம் கற்றார். அவ்வாண்டு டிசம்பரிற் போர் மூண்டது. 1942இல் அமெரிக்கக் கடற்படையின் யப்பானிய மொழிப் பள்ளியிற் சேர்ந்தார். இறந்த யப்பானியப் படைவீரரின் நாட்குறிப்புகளை வாசிப்பது அவரது போர்க்காலப் பணிகளுள் ஒன்றாயிற்று. போரின் பின் 1953இல் கியோத்தோவுக்குச் சென்றார்; 1955இல் பாஷோவின் வழியிற் பயணஞ்செய்து, அதுபற்றி யப்பானிய மொழியிலேயே எழுதினார்.

கீனுடைய புலமையும் அன்பும் ஐயத்துக்கு அப்பாற்பட்டவை. 2011ஆம் ஆண்டு வடகிழக்கு யப்பானைத் தாக்கிய பேரழிவின் பின்னர், பிறநாட்டார் பலர் அந்நாட்டைவிட்டு வெளியேறிய சூழலில், அவர் 2012இல் அந்நாட்டின் குடியுரிமை பெற்று, 2019இல் அங்கேயே மறைந்தார். நமது விமரிசனம் தனிமனிதரைப் பற்றியதன்று. அவரது தலைமுறை இயங்கிய அமைப்பைப் பற்றியது. போர்த்தேவைக்காகப் பயிற்றப்பட்ட மொழியறிஞரே, போரின்பின் அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் யப்பானிய இலக்கியத் துறைகளைக் கட்டியெழுப்பினர். 1958ஆம் ஆண்டின் தேசியப் பாதுகாப்புக் கல்விச் சட்டம் அயல்மொழிக் கல்விக்குப் பெருநிதி வழங்கிற்று. சட்டத்தின் பெயரே அதன் நோக்கத்தைச் சொல்லும். அதே காலப்பகுதியில் நொஃப் பதிப்பகம் தானிஸாக்கி, கவபாத்தா, மிஷிமா ஆகியோரின் நாவல்களைத் தொடர்ச்சியாக ஆங்கிலத்தில் வெளியிட்டது. நேற்றைய பகைநாடு இன்றைய நேசநாடாக மாறவேண்டியிருந்த கெடுபிடிப்போர்ச் சூழலிலே, மென்மையும் மௌனமும் அழகும் நிறைந்த யப்பான் ஒன்று தேவைப்பட்டது. வேலைநிறுத்தங்களும் குத்தகை விவசாயிகளின் போராட்டங்களும் நிறைந்த யப்பான் அத்தேவைக்கு உகந்ததாக இருக்கவில்லை.

இது முழுமையான இருட்டடிப்பு என்று கூறின் மிகையாகும். கீன் 1956இல் வெளியிட்ட நவீன யப்பானிய இலக்கியத் தொகுப்பிலே, 1933இல் பொலிசாரின் சித்திரவதையால் மாண்ட கொபயாஷி தாக்கிஜியின் நண்டுத் தொழிற்சாலைக் கப்பல் பற்றிய நாவலிலிருந்து ஒரு பகுதி இடம்பெற்றுள்ளது. ஆயின் நாம் அடுத்து நோக்கவிருக்கும் மியாமொத்தோ யுரிக்கோவுக்கு அதில் இடமில்லை. தொகுப்பே பாடநூலாகவும், பாடநூலே பயண வழிகாட்டியாகவும் அமையும்போது, இத்தகைய விடுபாடு சிறிய விடயமன்று.

4

யுரிக்கோ 1899இல் ரோக்கியோவிற் பிறந்தவர். தந்தையார் கட்டிடக் கலைஞர். பாட்டனார் சூஜோ மஸத்சுனே, புக்குஷிமா மாகாண நிர்வாகத்திற் பணியாற்றியவர். அசாக்காவின் தரிசு நிலங்களை வயல்களாக்கும் திட்டத்தில் முன்னின்றவர். இனாவஷிரோ ஏரியின் நீரைக் கிழக்கே திருப்பிய அசாக்காக் கால்வாய் 1879இல் தொடங்கப்பெற்று 1882இல் நிறைவெய்திற்று. மெய்ஜி மாற்றத்தின் விளைவாக மானியத்தை இழந்த சாமுராய்க் குடும்பங்கள் பல திசைகளிலிருந்தும் இங்கு குடியேற்றப்பட்டன. பாஷோ மலர் தேடிய பிரதேசம் நெல்வயலாயிற்று. நீர் வந்தது, ஆனால் நிலத்தின் பயன் உழைத்தோரிடம் நிலைக்கவில்லை.

பாட்டியார் வாழ்ந்த அவ்வூருக்கு விடுமுறைகளிற் சென்றுவந்த யுரிக்கோ, அவ்வனுபவத்தைக் கொண்டு தமது பதினேழாம் வயதில் 'வறிய மக்கள் கூட்டம்' என்னும் நாவலை எழுதினார். 1916ஆம் ஆண்டு செப்ரெம்பரில் அது 'சூவோ கோரோன்' சஞ்சிகையில் வெளிவந்தது. அவ்வாண்டிலேதான் அவர் ரோக்கியோவில் மகளிர் பல்கலைக்கழகமொன்றிற் சேர்ந்திருந்தார். ஆக, இதுவும் விடுமுறையில் ஊர்காணச் சென்ற மாணவியின் எழுத்தே.

நாவலின் 'நான்' ஊரை உருவாக்கியவரின் பேத்தி. குத்தகை விவசாயியின் குடிசைக்குட் பரிவோடு நுழைந்து இன்சொற் கூறுகிறாள். பசித்த பிள்ளைகள் அவளை ஏசித் துரத்துகின்றனர். அவள் திகைக்கிறாள், ஆத்திரமுறுகிறாள், பின்னர் சிந்திக்கிறாள். பழந்துணியும் பணமும் கொடுத்துப் பார்க்கிறாள். கொடுக்குந்தோறும் உறவு மேலும் பழுதாகிறது. ஈகை வறுமையைப் போக்குவதில்லை என்பதும், ஈபவருக்கும் ஏற்பவருக்குமிடையே உள்ள இடைவெளியையே அது உறுதிப்படுத்துகிறது என்பதும் கோட்பாடாக அன்றி அனுபவமாகவே வெளிப்படுகின்றன. இறுதியில் தன் கைகள் வெறுங்கைகளே என ஒப்புக்கொண்டு, தன்னை வெறுக்கவேண்டாம் என்று அம்மக்களை வேண்டுகிறாள். உணர்ச்சிப் பெருக்கும் முதிர்ச்சியின்மையும் நாவலில் உண்டு. எனினும் பாஷோவின் வெறுங்கைக்கும் இவ்வெறுங்கைக்கும் இடையிலே யப்பானிய இலக்கியம் கடந்துவந்த தூரத்தை நாம் உணரலாம். அவர் தேடியது கிடைக்காமையால் வெறுங்கையரானார். இவளோ தேடாதது எதிர்ப்பட்டமையால் வெறுங்கையளானாள்.

5

மூன்றாவது எழுத்து, யுரிக்கோ 1946இல் எழுதத் தொடங்கிய 'பன்ஷூ சமவெளி'. இடைப்பட்ட காலத்தில் அவர் சோவியத் நாட்டில் மூன்றாண்டுகள் வாழ்ந்து, 1931இற் கம்யூனிஸ்ட் கட்சியிற் சேர்ந்து, பலமுறை சிறைப்பட்டிருந்தார். 1942ஆம் ஆண்டுக் கோடையிற் சிறையின் வெப்பந் தாங்காது சாவின் விளிம்புவரை சென்றுமீண்டார். கணவர் மியாமொத்தோ கெஞ்சி 1933 முதற் சிறையிலிருந்தார்.

நாவல் 1945 ஓகஸ்ற் 15இலே, புக்குஷிமாவில் தொடங்குகிறது. கதைத்தலைவி ஹிரோக்கோ, அரசர் சரணடைவை அறிவித்த வானொலி உரையை அங்குதான் கேட்கிறாள். பின்னர் நாட்டின் மறுகோடிக்குப் புகையிரதமேறுகிறாள். கணவனின் தம்பி ஹிரோஷிமாவிற் காணாமற்போய்விட்டான். மாமியாரின் ஊருக்குச் செல்லும் வழியும் அங்கிருந்து திரும்பும் வழியும் நாவலின் உடலாக அமைகின்றன. கரிந்த நகரங்கள், படைக்கலைந்த வீரர், கணவரையும் புதல்வரையும் இழந்த பெண்கள், விடுதலையடைந்து தாயகம் திரும்பும் கொரிய மக்கள் எனப் பயணக்காட்சிகள் விரிகின்றன. அரசியற் கைதிகள் விடுவிக்கப்படவுள்ளனர் என்ற செய்தி கேட்டுக் கிழக்கு நோக்கி விரைகையில், வெள்ளத்தாற் பாதை துண்டிக்கப்பட, பன்ஷூ சமவெளியை அவள் தரைவழியே கடக்கிறாள். பழைய பயண இலக்கியம் இடங்களின் பெயர்களைத் தேடிற்று; யுரிக்கோ அப்பெயர்களின்கீழ் வாழ்ந்த மனிதரை எழுதினார்.

6

இவ்வாறு கூறுவதால் பாஷோவை நிலமானியச் சிந்தனையாளர் என ஒதுக்கவேண்டும் என்பது நமது கருத்தன்று. அத்தகைய கொச்சை மார்க்சியம், அழகியல்வாதம் செய்யும் அதே தவற்றை மறுபுறமிருந்து செய்வதாகும். இரண்டும் நூலின் ஒரு பாதியையே வாசிக்கின்றன. கத்சுமியைத் தேடிய பாஷோவை அழகியல்வாதி அறிவான். அறிந்தோர் எவருமிலர் என்று எழுதிய பாஷோவை யுரிக்கோவுடன் சேர்த்து வாசிப்பவனே அறிவான்.

எவரும் அறிந்திராத அம்மலர் பிற்காலத்தில் கொரியாமா நகரத்தின் மலராகத் தெரிவுசெய்யப்பட்டது. இன்று கோடையில் அங்கு செல்லும் மாணவன் பாஷோவைப்போல் ஏமாற்றமடைய வேண்டியதில்லை. அவன் கேட்பதைக் காட்ட ஆளுண்டு. ஆகவே அவனது நிலை பாஷோவினதைவிடச் சிக்கலானது. தேடிச்சென்றது உடனே கிடைத்துவிடுவதால், தேடாததன்மீது கண் விழுவதற்கு வாய்ப்பில்லை. அசாக்காக் கால்வாய் நீர் பாய்ந்த வயல்களையும், அவற்றில் உழைத்தோரின் பிள்ளைகள் எறிந்த ஏச்சுச் சொற்களையும் அவனுக்கு எந்த வழிகாட்டியும் காட்டப்போவதில்லை. அவற்றைக் காட்டக்கூடியது அவன் அரும்பாடுபட்டுக் கற்ற மொழியே. ஏனெனில் மொழிபெயர்ப்புக்கு வராதவற்றை வாசிக்கும் ஆற்றல் அவனிடமே உண்டு.

அயல்மொழிக் கல்வியின் உண்மையான பயன் இங்கேதான் உள்ளது. ஏலவே தெரிந்தெடுக்கப்பட்ட யப்பானை மூலமொழியிலே மீண்டும் வாசிப்பதற்காக ஒருவன் நான்காண்டுகள் எழுத்துக்களை மனனஞ்செய்ய வேண்டியதில்லை. அதற்கு மொழிபெயர்ப்புகளே போதும். தெரிந்தெடுக்கப்படாததைத் தானே தேடிப் படிப்பதற்காகவே மொழி கற்கப்படுகிறது. ஊரவர் அறியாத மலரைத் தேடிச்செல்லும் பயணி, ஊரவர் அறிந்தது எதுவென்றும் கேட்கத் தொடங்கும்போதே அவனது கல்வி நிறைவெய்தத் தொடங்குகிறது எனலாம்.