பாடகரின் மூச்சறிந்த பீட் டிரேக்

1970-இல் லண்டனுக்கு நாஷ்வில் நகரத்திலிருந்து ஒரு வாத்தியக்காரர் வரவழைக்கப்பட்டார். பீட்டில்ஸ் உடைந்த கையோடு ஜார்ஜ் ஹாரிசன் 'ஆல் திங்ஸ் மஸ்ட் பாஸ்' ஆல்பத்தைப் பதிவுசெய்துகொண்டிருந்த நேரம். தயாரிப்பாளர் பில் ஸ்பெக்டர். கிதார்கள், பியானோக்கள், டிரம்ஸ் என்று வாத்தியங்களை அடுக்கடுக்காகக் குவித்துப் பதிவு செய்வது அவர் பாணி. அந்த நெரிசலுக்குள்தான் பீட் டிரேக் தன் பெடல் ஸ்டீல் கிதாரோடு உட்கார்ந்தார். 'பிஹைண்ட் தட் லாக்ட் டோர்' பாடலை இன்று போட்டுக் கேட்டாலும், ஹாரிசனின் குரலுக்கு அடுத்தபடியாகக் காதில் நிற்பது டிரேக்கின் வாசிப்புதான்.

இது சத்தத்தால் வந்த வெற்றி அல்ல. ஹாரிசன் ஒரு வரியைப் பாடி முடித்து மூச்சு வாங்கும் இடத்தில் மட்டும் ஸ்டீல் கிதார் எழுகிறது. அடுத்த வரி தொடங்கும்போது தணிந்துவிடுகிறது. டிரேக்கின் மொத்தத் தொழில் வாழ்க்கையும் இந்த ஒரு திறமையின் மேல் நின்றது. வாத்தியக்காரராக அவர் எதில் சிறந்தாரோ, தயாரிப்பாளராகவும் அதில்தான் சிறந்தார்.

பெடல் ஸ்டீல் கிதாரை மார்பில் அணைத்து வாசிப்பதில்லை. கால்கள் வைத்த பலகைபோல் முன்னால் படுத்திருக்கும். நம் கோட்டுவாத்தியத்தில் மரத்துண்டைத் தந்திமேல் வழுக்கி ஓட்டுவதைப் போல, இதில் இடக்கை ஓர் எஃகுக் கட்டையை ஓட்டும். ஒரு கால் பெடல்களை மிதித்துத் தந்திகளின் சுருதியை ஏற்றி இறக்கும், முழங்கால் நெம்புகோல்களைத் தள்ளும், இன்னொரு கால் ஒலியின் அளவைக் கூட்டிக் குறைக்கும். கை, கால், முழங்கால் எல்லாம் ஒரே நேரத்தில் வேலை செய்யும் இந்த வாத்தியத்தில், வித்தை காட்ட ஆசைப்படாமல் இருப்பது கடினம். டிரேக் அந்த ஆசையை அடக்கத் தெரிந்தவர்.

ஜார்ஜியா மாநிலத்தின் அகஸ்டாவில் 1932-இல் பிறந்தார். தந்தை கிறிஸ்தவப் போதகர். அண்ணன் ஜாக் டிரேக், 'கன்ட்ரி' எனப்படும் அமெரிக்க நாட்டுப்புற இசையின் நட்சத்திரம் எர்னஸ்ட் டப்பின் குழுவில் நெடுங்காலம் பேஸ் வாசித்தவர். ஜெர்ரி பேர்டின் ஸ்டீல் கிதாரைக் கேட்டு மயங்கிய தம்பி, அட்லாண்டாவில் ஓர் அடகுக் கடையில் தன் முதல் கிதாரை வாங்கினார். அங்கே அவர் நடத்திய குழுவில் வாசித்த ஜெர்ரி ரீடும் ரோஜர் மில்லரும் பின்னாளில் பெரும் நட்சத்திரங்கள் ஆனார்கள். ஆளைத் தேர்ந்தெடுக்கும் கண் அப்போதே இருந்திருக்கிறது. 1959-இல் நாஷ்வில் வந்தார். அடுத்த ஆண்டே ராய் டிரஸ்கியின் 'எனிமோர்' அவர் வாசிப்போடு வெற்றி பெற, ஒலிப்பதிவுக் கூடங்களிலிருந்து அழைப்புகள் குவிந்தன.

1964-இல் அவர் பெயரிலேயே ஒரு பாட்டு தேசிய அளவில் ஓடியது. 'ஃபாரெவர்' என்ற அந்தப் பாடல் பில்போர்டு பட்டியலில் 25-ஆம் இடம் வரை ஏறியது. அதில் கிதாரின் ஒலியை ஒரு குழாய் வழியாகத் தன் வாய்க்குள் செலுத்துவார். குரல் எழுப்பாமல் உதடும் நாக்கும் மட்டும் சொற்களின் வடிவத்தைக் கொடுக்கும். அதை மைக் பிடிக்கும்போது கிதாரே பேசுவதுபோல் இருக்கும். லண்டன் ஒலிப்பதிவின்போது இதை அருகிலிருந்து பார்த்து வியந்த இளைஞர் பீட்டர் ஃப்ராம்டன். ஆறு ஆண்டுகள் கழித்து வந்த 'ஃப்ராம்டன் கம்ஸ் அலைவ்' ஆல்பம் அந்த 'டாக் பாக்ஸ்' ஒலியை உலகமெங்கும் கொண்டுபோனது.

இருந்தும், பேசும் கிதார் டிரேக்கின் சிறந்த வாசிப்பு அல்ல. முதல் பாட்டில் வியப்பு, மூன்றாவதில் அலுப்பு. அவரது உண்மையான உயரத்தைப் பார்க்க பாப் டிலனிடம் போக வேண்டும். 1967-இல் பதிவான 'ஜான் வெஸ்லி ஹார்டிங்' ஆல்பத்தில் டிலனோடு பேஸும் டிரம்ஸும் மட்டுமே. பத்துப் பாடல்கள் அந்த வறண்ட ஒலியில் போகின்றன. கடைசி இரண்டு பாடல்களில் மட்டும் டிரேக் வருகிறார். இறுதிப் பாடலான 'ஐல் பி யுவர் பேபி டுநைட்' தொடங்கியதும் ஆல்பத்தின் முகமே இளகுகிறது. 1969-இல் 'லே லேடி லே' பாடலில் நீளமாக வழியும் சில ஸ்வரங்கள், அவ்வளவுதான். டாமி வினெட்டின் 'ஸ்டாண்ட் பை யுவர் மேன்' பாடலிலும் அப்படியே: குரல் உச்சத்துக்கு ஏறும்போது ஸ்டீல் அதோடு போட்டி போடவில்லை, அதைத் தாங்குகிறது.

இப்படி வாசிப்பவருக்குப் பாடகரின் பலமும் பலவீனமும் விரல் நுனியில் இருக்கும். எந்த இடத்தில் குரல் தளரும், எந்தச் சொல்லுக்கு முன் தயங்கும் என்று வாசித்து வாசித்தே பழகியிருப்பார். அறுபதுகளிலேயே 'ஸ்டாப்' என்ற இசைத்தட்டு நிறுவனத்தைக் கூட்டாளியோடு தொடங்கி, பாட்டைத் தேர்வது, ஆட்களைச் சேர்ப்பது, எந்தப் பதிவு போதும் என்று முடிவெடுப்பது ஆகிய பொறுப்புகளைப் பழகிக்கொண்டார்.

அந்தப் பழக்கத்துக்கான பெரிய பரீட்சை பீட்டில்ஸின் டிரம்மர் ரிங்கோ ஸ்டாரிடமிருந்து வந்தது. லண்டனில் ரிங்கோவுக்கு நாட்டுப்புற இசைமேல் இருந்த காதலை டிரேக் கண்டுகொண்டார். ஆல்பம் என்றால் மாதக் கணக்கில் ஆகும் என்பது ரிங்கோவின் தயக்கம். நாஷ்வில்லில் சில நாட்களே போதும் என்று டிரேக் அவரை அழைத்துப் போனார். சொன்னபடியே முடித்தும் கொடுத்தார். அதுதான் 1970 செப்டம்பரில் வெளியான 'போகூஸ் ஆஃப் ப்ளூஸ்'.

ரிங்கோவின் குரல் எட்டும் தூரம் குறைவு. டிரேக் அதை மறைக்க முயலவில்லை. உள்ளூர்ப் பாடலாசிரியர்களிடமிருந்து புதிய பாடல்களைத் திரட்டி, அந்தக் குரலுக்குத் தோதானவற்றைக் கொடுத்தார். சோகத்தைச் சாதாரணமாகச் சொல்லிவிட்டுப் போகும் பாட்டுகள் அவை. சுற்றி நின்றவர்களோ பெரும் படை: சார்லி மெக்காய், ஜெர்ரி ரீட், எல்விஸோடு பாடிய ஜோர்டனேர்ஸ், எல்விஸின் டிரம்மர் டி.ஜே. ஃபொன்டானா. ஒலிப்பதிவுப் பொறியாளராக எல்விஸின் பழைய கிதாரிஸ்ட் ஸ்காட்டி மூர். இத்தனை பேரில் ஒருவர்கூடப் பாடகரைத் தாண்டி நிற்கவில்லை. விற்பனை சுமார்தான். ஆனால் ரிங்கோவின் தனி ஆல்பங்களில் அவர் குரல் இவ்வளவு இயல்பாக உட்கார்ந்த இன்னொன்றைக் காட்டுவது கடினம்.

நான்கு ஆண்டுகளுக்குப் பின் மெல்பா மான்ட்கோமரியின் 'நோ சார்ஜ்' நாட்டுப்புறப் பட்டியலில் முதலிடம் பிடித்தது. வீட்டு வேலைகளுக்குக் கூலி எழுதி நீட்டும் மகனுக்குத் தாய் சொல்லும் பதில்தான் பாட்டு. பெரும்பகுதி பேச்சு. மிகையாகிவிட்டால் கேட்க முடியாத பாட்டு. தயாரிப்பாளர் டிரேக் பின்னணியை அடக்கிவைத்து, அந்தத் தாயைப் பேச விட்டார்.

அவர் மனதோடு செய்த வேலை 1979-இல் வந்தது. அண்ணன் வாசித்த குழுவின் தலைவர் எர்னஸ்ட் டப் அப்போது 65 வயதை எட்டியிருந்தார். டப்பின் புகழ்பெற்ற பாடல்களை மீண்டும் பாடவைத்து, அவருக்குத் தெரியாமலேயே வில்லி நெல்சன், லொரெட்டா லின், மெர்ல் ஹேகர்ட் போன்றோரின் குரல்களை டிரேக் அதில் சேர்த்தார். பாசத்தில் பிறந்த அந்த ஆல்பத்தில் விருந்தாளிக் குரல்கள் சற்று அதிகம் என்ற குறை உண்டு. ஆனாலும் முதியவரின் நடுங்கும் குரலை யாரும் அமுக்கவில்லை. 1983-இல் பாடகர் பி.ஜே. தாமஸை நாட்டுப்புறப் பட்டியலின் உச்சிக்குக் கொண்டுபோனதும் டிரேக்தான்.

1988 ஜூலையில், 55 வயதில் மறைந்தார். நாட்டுப்புற இசையின் புகழ்க்கூடத்தில் அவர் பெயர் ஏறியது 2022-இல். முப்பத்து நான்கு ஆண்டுத் தாமதம் அநியாயம். பாடகருக்கு வழிவிட்டவர்களை இத்தனை தாமதமாகவா கவனிப்பது?

டிரேக்கைப் புதிதாகக் கேட்க விரும்புவோர் 'ஃபாரெவர்' பாடலில் தொடங்க வேண்டாம். 'பிஹைண்ட் தட் லாக்ட் டோர்' பாடலை முதலில் கேளுங்கள். அது முடிந்ததும் 'போகூஸ் ஆஃப் ப்ளூஸ்' ஆல்பத்தை முதல் பாட்டிலிருந்து போடுங்கள். இரண்டும் ஒரே ஆண்டின் வேலை.