குட்டி யானையின் குரல்

பட்டு நெசவுப் பகுதியான பிள்ளையார்பாளையத்தில் தறிச் சத்தத்தைத் தாண்டி ஒரு குட்டி யானை தெருமுனை திரும்பினால், வண்டிக்கு முன்னால் இளையராஜா வந்துவிடுவார். 2005இல் அறிமுகமான டாடா ஏஸுக்கு நம் ஊர் வைத்த செல்லப் பெயர்தான் குட்டி யானை. அதற்குள் நல்ல ஸ்பீக்கர் பொருத்தும் வேலையை எத்தனை நேரமானாலும் நின்று பார்ப்பேன்.

கைதேர்ந்தவர் முதலில் ஸ்பீக்கரைத் தொடுவதில்லை. கதவைத் தட்டிப் பார்க்கிறார். மெல்லிய தகடு அதிர்ந்தால் பாட்டோடு அதுவும் பாடும். உட்புறம் பியூட்டைல் ஷீட் ஒட்டி அழுத்தியதும் தட்டல் ‘டங்’கிலிருந்து ‘தொப்’ ஆகிறது. எனக்குப் பிடித்த நொடி அதுதான்.

பிறகு ஒயர். ஆம்ப்ளிஃபயருக்கு பேட்டரியிலிருந்து நேராகத் தடித்த ஒயர், பேட்டரி அருகிலேயே ஃபியூஸ். சிக்னல் ஒயர் வண்டியின் மறுபக்கமாகப் போக வேண்டும். சேர்த்து இழுத்தால் ஆக்சிலரேட்டரை மிதிக்கும்போதெல்லாம் பாட்டுக்குள் ஒரு ஊளை கேட்கலாம். ஒரு கதவில் மட்டும் பிளஸ், மைனஸ் மாறினால், ஒரு ஸ்பீக்கரின் கூம்பு முன்னே தள்ளும்போது மற்றது பின்னே இழுக்கும், பேஸ் கரைந்துவிடும்.

கூம்பின் அடியில் இருக்கும் காயிலைப் பாருங்கள்: மெல்லிய செம்புக் கம்பி, இழை பிசகாத சுற்று. பட்டு நூல்மேல் வெள்ளிக் கம்பி சுற்றித் தங்கம் பூசும் ஜரிகையைத் தினமும் பார்க்கும் ஊருக்கு இந்த நுணுக்கம் புரியும்.

வேலை முடிந்ததும் ஓட்டுநர் அண்ணன் வால்யூமைக் குறைத்தே வைத்தார். மிருதங்கத்தின் தொப்பி தனியாகக் கேட்டது.