சேதி சேராத ஆட்டம்

2023 செப்டெம்பர் 5, லாகூர். ஆசியக் கிண்ணத்தில் இலங்கை எடுத்த 291 ஓட்டங்களை 37.1 ஓவருக்குள் கடந்தால் ஆப்கானிஸ்தானுக்கு அடுத்த சுற்று உறுதி. 37 ஓவர் முடிவில் 8 விக்கெட்டுக்கு 289. அடுத்த பந்தில் முஜீப் ஆட்டமிழந்ததும் எல்லாம் முடிந்தது என்று சோர்ந்துவிட்டார்கள். உண்மையில் முடியவில்லை. 37.4 ஓவருக்குள் 295ஐ எட்டினாலும் தகுதி உண்டு. மறுமுனையில் 27 ஓட்டங்களுடன் ரஷீத் கான். கடைசி வீரர் ஃபாரூக்கி ஓர் ஓட்டம் ஓடியிருந்தால், அடுத்த பந்தில் ரஷீத்தின் ஒரு சிக்ஸர் போதும். அவரோ இரண்டு பந்துகளைத் தடுத்தாடிவிட்டு மூன்றாவதில் எல்.பி.டபிள்யூ. இலங்கைக்கு 2 ஓட்டங்களால் வெற்றி. அந்தக் கணக்கைத் தங்களுக்கு யாரும் சொல்லவே இல்லை என்றார் ஆப்கானிஸ்தான் பயிற்றுவிப்பாளர் ஜொனதன் ட்ரொட்.

இதே தோல்வியை நமது கண்டி மலைகளில் ஒரு படையே அனுபவித்திருக்கிறது. 1804இல் ஆங்கிலேயத் தளபதி ஜெனரல் வெமிஸ், பல முனைகளிலிருந்து ஒரே நேரத்தில் கண்டிக்குள் புகத் திட்டமிட்டார், பிறகு கைவிட்டார். மட்டக்களப்பிலிருந்த கப்டன் ஆர்தர் ஜோன்ஸ்டனுக்குப் போன கடிதத்தில் அது தெளிவாக இல்லை. புறப்படச் சொல்கிறார்கள் என்றே அவர் எடுத்துக்கொண்டார். சுமார் 300 பேருடன் மலையேறி, ஒக்டோபர் 6 அன்று கண்டியை அடைந்தால், வேறு ஒரு படையும் வந்திருக்கவில்லை. திருகோணமலை வரை அடிபட்டபடியே பின்வாங்கினார். சுமைகாரர்கள் ஓடிவிட்டார்கள், காயம்பட்டவர்களைத் தூக்கவும் ஆளில்லை. அவரை நான் குறைசொல்ல மாட்டேன். கட்டளை புரிந்ததா என்று கேட்டறியாத தலைமையின் பிழை அது.

எதிரணியின் ஆட்டத்தையும் பார்க்கவேண்டும். கண்டியர் நகரத்தைக் காக்கப் பிடிவாதம் பிடிக்கவில்லை. காலி செய்து கொடுத்துவிட்டு, பாதையை அடைத்தார்கள். அரிசி வராது, மழையும் காய்ச்சலும் வரும். 1803 பெப்ரவரியில் நகரைப் பிடித்த ஆங்கிலேயரின் காவற்படை, ஜூனில் மேஜர் டேவியின் தலைமையில் சரணடைந்தது இப்படித்தான்.

1815இல் ஆங்கிலேய ஆளுநர் பிரவுன்றிக் எட்டுப் பிரிவுகளாகப் படையை அனுப்பினார். ஆனால் அதற்கு முன்பே அவரது அதிகாரி ஜோன் டொய்லி பல ஆண்டுகள் உளவுத் தகவல் திரட்டியிருந்தார். எஹெலப்பொல போன்ற கண்டிப் பிரதானிகளும் மன்னருக்கு எதிராகத் திரும்பியிருந்தார்கள். பெப்ரவரி 18 அன்று, ஹுன்னஸ்கிரியவுக்கு அருகே மெதமஹநுவரவில் மன்னர் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் பிடிபட்டார். பீரங்கியைவிடத் தகவலே அந்தப் போரைத் தீர்மானித்தது என்பது என் கணிப்பு.

நமது பாடசாலை அணிகளின் பயிற்றுவிப்பாளர்களுக்கு ஒரு வேண்டுகோள். தண்ணீர்ப் போத்தலோடு மைதானத்துக்குள் ஓடும் பன்னிரண்டாவது வீரனிடம் சேதியைச் சொல்லி அனுப்பினால் மட்டும் போதாது. துடுப்பாடுபவர் அதைத் திருப்பிச் சொல்லக் கேட்டுவிட்டு அவன் திரும்பி வரட்டும். மீதமுள்ள ஓவர்களையும் தேவையான ஓட்டங்களையும் பதினொரு பேருக்கும் சொல்லுங்கள், கடைசியில் இறங்குபவருக்கு முதலில்.